இறங்காத சரிவு

ஆளில்லாத மலையுச்சியில், செங்குத்தான சரிவைப் பார்த்துச் சறுக்குப்பலகை இறங்கத் துடித்தது. சறுக்க வந்த பெண்ணோ முதலில் மண்வாரியை எடுத்துப் பனியைத் தோண்டினாள். மேலே கண்ணாடிபோல் பனிக்கட்டி. அடியில் ரவையாக உதிரும் பனி; பாரம் ஏறினால் மொத்தமும் சரிந்துவிடும். பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பினாள்.

பலகைக்கு மானமே போயிற்று. மண்வாரியிடம் சீறியது: “கெடுத்தியே, அம்மணி. சரிவு என்ன இடிஞ்சா விழுந்துச்சு? அப்படியேதானே நிக்குது?”

“நாம இறங்கியிருந்தா நின்னிருக்குமா?” என்றது மண்வாரி.

“வாய்க்குக் குறைச்சலில்ல. பனியில புதைஞ்சவங்களைத் தோண்டி எடுக்கத்தானே உன்னைச் சுமக்கிறா? மூணு வருஷத்துல எத்தனை பேரை எடுத்திருக்கே?”

அந்தக் கேள்விக்கே காத்திருந்ததுபோல் மண்வாரி நிமிர்ந்தது.

“ஒருத்தரைக்கூட இல்ல,” என்றது, மலைக்கே கேட்கும்படி.