ஐந்தாவது கேள்வி

மாலைக் கணினி வகுப்பில் அன்று கப்பல் தொழிலாளர்களைப் பற்றிய தகவல் தளம். "பேரை மட்டும் அடிங்க. பதில் தெரிஞ்ச கேள்விகளை அதுவே வரிசையாக் காட்டும், தெரியாததைக் காட்டவே காட்டாது. இதுல தப்புப் பண்ணவே முடியாது," என்றார் ஆசிரியர்.

"ஜெனோவா பண்ணிடுவா சார்," என்றாள் பக்கத்து நாற்காலி மெர்லின்.

ஜெனோவா சிரிக்கவில்லை. கப்பல் வேலைக்குப் போய் நான்கு வருடமாக ஒரு தகவலும் இல்லாத அண்ணன் ராயப்பனின் பெயரை அடித்தாள். எழுத்துப் பிழை இருக்குமோ என்று இரண்டு முறை சரிபார்த்தாள். திரையில் ஒரு பெட்டிக்குள் கேள்விகள் இறங்கின. வழக்கம்போல எண் போட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள். ஒன்று, எப்போது பிறந்தார்? இரண்டு, எங்கே படித்தார்? மூன்று, எந்தக் கப்பலில் சேர்ந்தார்? நான்கு, உறவினர்கள் யார்?

பெட்டியின் அடிவிளிம்பில் ஐந்தாவது கேள்வியின் முதல் சொல் மட்டும் தெரிந்தது: எப்போது.

பிறந்ததைத்தான் முதலிலேயே கேட்டாயிற்று. இது எப்போது ஊர் திரும்பினார் என்பதாகவும் இருக்கலாம்; அதுவாக இல்லாமலும் இருக்கலாம். நோட்டில் 'ஐந்து' என்று எழுதியவள் பேனாவைத் தாளிலிருந்து எடுக்கவில்லை.

"கீழே இன்னும் இருக்கும்மா, உருட்டு," என்று ஆசிரியர் குனிந்து கையை நீட்டினார். ஜெனோவா மவுஸை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

"இருங்க சார், நான் இன்னும் எழுதி முடிக்கல."