எல்லாம் நடிப்பு!

காலையில் முழங்கை மடிப்பில் ஒட்டிய பிளாஸ்திரியை டீச்சர் இன்னும் பிய்க்கவில்லை. டாக்டரின் அறைக்கு வெளியே உட்கார்ந்து அதையே தடவிக்கொண்டிருந்தாள். ரத்த டெஸ்ட் ரிசல்ட்டில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால், நாளைக்கே அவளைப் பிறந்த வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவதாகப் பேச்சு.

"ஒண்ணும் இருக்காது பாரு, எல்லாம் நடிப்பு!" என்றாள் நாத்தனார், தம்பியிடம். டீச்சருக்கும் கேட்கட்டும் என்றுதான். "பள்ளிக்கூடத்துல நாலு பிள்ளைங்களை மேய்ச்சுட்டு வந்தா உடனே படுக்கை. புருஷன் பக்கத்துல வந்தா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கிறது. இதுக்கெல்லாம் ஒரு டெஸ்ட்டா?"

"சும்மா இரு அக்கா, ஆளுங்க இருக்காங்க" என்று நெளிந்தான் தம்பி. லிஃப்ட் மெக்கானிக் அவன். எந்த மெஷின் எங்கே மக்கர் பண்ணினாலும் கண்டுபிடித்துவிடுவான். பெண்டாட்டி விஷயத்தில் மட்டும் ஒரு மண்ணும் புரியவில்லை. "உனக்கு என்னைப் பிடிக்கலையா?" என்று அவன் கேட்காத நாளில்லை, அவள் அழாத நாளுமில்லை.

நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டுமே. புருஷன் விட்டுவிட்டுப் போனதிலிருந்து தம்பி வீட்டில்தான் வாசம்; அவள் குரல் கேட்டுத்தான் அந்த வீட்டில் விடியும். காலையில் தம்பிக்கு வேலை இருந்ததால், லேபுக்கும் அவள்தான் டீச்சரைக் கூட்டிப் போனாள்.

ஊசியைப் பார்த்ததுதான் தாமதம், டீச்சர் மயங்கிச் சரிந்துவிட்டாள். கண் விழித்தபோது கையில் பிளாஸ்திரி. "எல்லாம் முடிஞ்சுது, எந்திரி. இதுக்கும் ஒரு மயக்கமா!" என்று கையைப் பிடித்துத் தூக்கினாள் நாத்தனார்.

நர்ஸ் கூப்பிட, மூன்று பேரும் உள்ளே போனார்கள். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"டெஸ்டோஸ்டிரோன் ரொம்பக் குறைவா இருக்கும்மா. கிட்டத்தட்ட இல்லவே இல்லைன்னு சொல்லலாம்."

"அது ஆம்பளைங்க சமாச்சாரம் இல்லையா?" தம்பி திருதிருவென்று விழித்தான்.

"பொம்பளைங்களுக்கும் கொஞ்சம் சுரக்கணும் தம்பி. அது குறைஞ்சா சிலருக்கு உடம்புல தெம்பே இருக்காது, மனசு எதுலயும் ஒட்டாது. புருஷன் மேல ஆசை வராது. பிடிக்காம இல்ல, உடம்பு ஒத்துழைக்காது. யார்கிட்டயும் சொல்லவும் முடியாம, தன்னைத்தானே திட்டிக்கிட்டுக் கிடப்பாங்க."

டீச்சருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தான் கல்நெஞ்சக்காரி இல்லை என்று இப்போதுதான் ஒரு மனுஷி வாய் திறந்து சொல்கிறாள்! தம்பி எல்லார் முன்னாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "மன்னிச்சுக்கோம்மா, இத்தனை நாளா தப்பாவே நெனச்சுட்டேன்."

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டான் தம்பி.

"ஒண்ணுதான் இடிக்குது" என்றார் டாக்டரம்மா. "ஆபரேஷன்ல ரெண்டு சினைப்பையையும் எடுத்தவங்களுக்குத்தான் பெரும்பாலும் இந்த அளவுக்குக் குறையும். உங்களுக்கு அப்படி ஏதாவது...?"

"எனக்கு ஆபரேஷனே ஆனதில்லையே டாக்டர்."

"அப்படியா? சரி, வேற என்ன காரணம்னு பார்ப்போம். இப்போதைக்கு மருந்து எழுதறேன்." பேனாவை எடுத்தார்.

நாத்தனார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"எனக்கு ஆயிருக்கு டாக்டர், அந்த ஆபரேஷன். அதுக்கப்புறம் நானும் இப்படித்தான்... பொறுத்துப் பார்த்துட்டு அவர் போயிட்டாரு. என் மனசுதான் செத்துப் போச்சுன்னு நெனச்சேன்."

"இப்ப எதுக்குக்கா உன் கதை? இவ ரிப்போர்ட்டைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கோம்!" என்று சீறினான் தம்பி.

அவள் தம்பியைப் பார்க்கவில்லை; டீச்சரைத்தான் பார்த்தாள்.

"நீ மயங்கிக் கிடந்தப்போ, ஒண்ணுமில்லைன்னு ரிசல்ட் வரட்டும்னு லேப் பொண்ணைச் சரிக்கட்டி ஊசிக்கு என் கையைக் காட்டிட்டு, பிளாஸ்திரியை உன் கையில ஒட்டினேன்டி... அது என் ரத்தம்."