மொரப்பூர் பாசஞ்சரின் கார்டு

"கற்பூரத்தை அடிச்சு சத்தியம் பண்ணு! இனிமே அந்த ஹாஸ்டல் பக்கமே போக மாட்டேன்னு சொல்லு!"

தீர்த்தம்மாள் போட்ட சத்தத்தில் மாரண்டஹள்ளி சந்தையே ஒரு நிமிஷம் பேரம் பேசுவதை நிறுத்தியிருக்கும். மகன் சந்துரு கற்பூரத் தட்டோடு அம்மாவையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்படி என்னங்க அத்தை தப்புப் பண்ணிட்டேன்?" என்றாள் மருமகள் தேவிப்பிரியா.

"என்ன தப்பா? நேத்து இண்டூர் நிச்சயதார்த்தத்துல, பந்தியில, அத்தனை பேர் முன்னாடி என் தோள்ல பேன் ஊருது! இதோ, இவதான் எடுத்தா!"

பக்கத்து வீட்டு பானுமதி ஆமாம் என்று தலையாட்டினாள். எடுத்ததோடு விட்டிருக்கலாம். "ஐயோ, பேனு!" என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி அலறியதும் அவள்தான்.

விஷயம் இதுதான். தேவிப்பிரியா பாலக்கோட்டில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கிப் படித்தவள். லீவு நாளில் அங்கே ஒரு ரயில் ஓடும். இருப்பதிலேயே சின்னப் பிள்ளை முன்னால் உட்காருவாள், அவள்தான் இன்ஜின். அவளுக்குப் பின்னால் கொஞ்சம் பெரியவள், அவளுக்குப் பின்னால் இன்னும் பெரியவள் என்று வராந்தா முழுக்க நீளும். ஒவ்வொருத்தியும் தனக்கு முன்னால் இருப்பவளுக்குப் பேன் பார்க்க வேண்டும். பெயர் மொரப்பூர் பாசஞ்சர்.

கடைசியில் உட்காருவது கார்டு. படித்து முடித்துப் போன அக்காக்கள் முறை வைத்து வந்து கார்டாக உட்காருவார்கள். பாவம், கார்டு தலையைப் பார்க்க மட்டும் பின்னால் ஆள் கிடையாது.

உனக்குப் பேன் பார்த்தவள் ஆயுசுக்கும் உனக்கு அக்கா. அதுதான் அங்கே சட்டம். சந்துரு கால் உடைந்து சேலத்தில் கிடந்தபோது கூடவே இருந்து பார்த்துக்கொண்ட நர்ஸ், ஒரு ரயில் அக்கா. தீர்த்தம்மாளின் கண் ஆபரேஷனுக்குக் கார் எடுத்து வந்ததும் ஒரு ரயில் அக்காதான். அதற்கெல்லாம் நன்றி சொல்லி தீர்த்தம்மாளுக்குப் பழக்கமில்லை. மருமகள் ஞாயிற்றுக்கிழமை கார்டு வேலைக்குக் கிளம்பினால் போதும், தெருவுக்கே கேட்கும்படி கத்த ஆரம்பித்துவிடுவாள். இன்றைக்கும் அதே பாட்டுதான்.

"நானும்தான் சனிக்கிழமையானா பெருமாள் கோயிலுக்குப் போறேன். காலையில போனா பொழுது சாயத்தான் வரேன். நான் புண்ணியத்தோட வரேன், இவ பேனோட வர்றா!"

தேவிப்பிரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அத்தை, எல்லாம் சித்தேரி மலையில இருந்து வந்து படிக்கிற புள்ளைங்க. அம்மா பக்கத்துல இல்லைங்க. யாராச்சும் தலையைத் தொட்டுப் பாக்குறது ரயில் ஓடுற அன்னிக்கு மட்டும்தான். வேற எதை வேணா விடச் சொல்லுங்க, இதை விடச் சொல்லாதீங்க."

"என் மானம் போயிட்டுக் கெடக்குது, இவ மலையேறிட்டு இருக்கா! ஏத்துடா கற்பூரத்தை!"

"சரிங்க, சத்தியம் பண்றேன். அதுக்கு முன்னாடி என் தலையைப் பாத்துடுங்க."

தேவிப்பிரியா தரையில் பழைய பேப்பரை விரித்தாள். பேன்சீப்பை பானுமதி ஆசையாக வாங்கிக்கொண்டாள். வாரினாள், உதறினாள், திரும்ப வாரினாள். எண்ணெய்தான் வந்தது.

"ஒரு ஈரு கூட இல்லியே!" பானுமதிக்கு ரொம்ப வருத்தம்.

"நாங்க தலையில துண்டைக் கட்டிட்டுத்தாங்க உக்காருவோம். பழைய புள்ளைங்களுக்கு அது தெரியும்" என்றாள் தேவிப்பிரியா.

எல்லோரும் சந்துருவைப் பார்த்தார்கள். அவன் தன் தலையைத் தடவிக்கொண்டான். முழு வழுக்கை. அதில் பேன் ஏறினாலும் வழுக்கித்தான் விழும்.

"அப்ப உங்களுக்கு மட்டும் எங்கிருந்துக்கா வந்துச்சு?" என்றாள் பானுமதி.

"கோயில் கூட்டத்துல ஏறியிருக்கும்!"

"இவ்வளவு நேரம் ஹாஸ்டல் பேனுன்னீங்க?"

"பேன்ல ஹாஸ்டல் பேனு, கோயில் பேனுன்னு முத்திரை குத்தியா விடறாங்க? நீ ஏத்துடா!"

சந்துரு தீக்குச்சியைக் கிழித்தான். அந்த நேரம் பார்த்து தேவிப்பிரியாவின் போன் அடித்தது. விடுதி நம்பர். அவிழ்ந்த முடியை அள்ளி முடிந்ததில் கையெல்லாம் எண்ணெய் என்பதால் விரல் நுனியால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, நான் தேன்மொழி, எட்டாங்கிளாஸு. கார்டு ஆயா இருக்காங்களா?"

"எந்த ஆயாடி?"

"சனிக்கிழமை கார்டு ஆயாக்கா! உங்க வூட்டு தீர்த்தம்மா ஆயா! மொத நாளு நீங்க இங்க என்னதான் பண்றீங்கன்னு வேவு பாக்க வந்தாங்களாம். அன்னிக்கு கார்டுக்கு ஆளில்ல, எங்களோட உக்காந்துட்டாங்க. அப்பறம் வாராவாரம் வராங்க. துண்டு கட்டுங்க ஆயான்னா, 'எனக்கெல்லாம் ஏறாது, போடி'ன்னுட்டாங்க. தலை அரிக்குதான்னு வார்டனம்மா கேக்கச் சொன்னாங்க... ஐயோ, உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்களே!"

போன் கட்டானது. தீக்குச்சி சந்துருவின் விரலைச் சுட்டது. பானுமதி திறந்த வாயை மூடவில்லை.

தீர்த்தம்மாள் சுவரைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள். மருமகளை மட்டும் பார்க்கவில்லை. விடுவிடுவென்று வந்து, மருமகளுக்கு முதுகைக் காட்டிப் பேப்பர்மேல் உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்துவிட்டாள்.

"என்னடி பாத்துட்டு நிக்கற? கார்டுக்கும் பின்னால ஒரு ஆளு வேணுமில்ல? சீப்பை எடு!"