கல்லில் ஒரு பெயர்

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்குவாளா, வைத்தியரே?"

கதவுக்கு வெளியே யோஸ்டின் குரல் தழுதழுத்தது. உள்ளே படுக்கையில் கிடந்த ரெகினாவுக்குத் தன் காய்ச்சலைவிடப் புருஷனை நினைத்துத்தான் வேதனையாக இருந்தது.

பென்சில்வேனியாவில், லங்காஸ்டர் சாலையோரம் அந்தச் சத்திரம் எழும்ப ஏழு வருஷம் பிடித்தது. இரண்டடி கனத்தில் கல் சுவர். வண்டிக்காரர்கள் குடிக்க வர ஒரு வாசல், பெண்கள் நுழையத் தனி வாசல். சுண்ணாம்பு குழைத்துக் குழைத்து ரெகினாவின் கை வெந்தே போனது.

அந்தப் பக்கத்தில் கல் வீடு கட்டி முடித்தால், புருஷன் பேரோடு பெண்டாட்டி பேரையும் கல்லில் வெட்டி முகப்பில் பதிப்பார்கள். ரெகினாவுக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டுத்தான் சாவேன் என்று ஒரே பிடிவாதம்.

"கல்லு வந்துடுச்சாடி?"

"கீழ சாத்தி வச்சிருக்கு. சுவத்துல ஏத்தினப்புறம் பாத்துக்கலாம், வாயைத் திறங்கம்மா," என்று வேலைக்காரி மக்தலேனா கோழிச் சாற்றை ஊட்டினாள்.

வெள்ளிக்கிழமை காய்ச்சல் விட்டது.

"பொழைச்சுக்கிட்டா. இன்னும் நாப்பது வருஷம் உன்னைப் படுத்துவா, போ," என்று வைத்தியர் சிரித்தார்.

யோஸ்ட் வாயடைத்து நின்றான். பாவம், சந்தோஷத்தில் மனுஷனுக்குப் பேச்சே வரவில்லை என்று ரெகினாவுக்குக் கண் கலங்கியது.

மறுநாள் மத்தியானம் யோஸ்ட் ஊருக்குள் போயிருந்தான். மக்தலேனா தொழுவத்தில் இருந்தாள். ரெகினா சுவரைப் பிடித்துப் பிடித்துக் கீழே இறங்கி, இரண்டு வாசலுக்கும் நடுவில் சாத்தியிருந்த கல்லின் மேலிருந்த சாக்கை விலக்கினாள்.

எழுத்துகளைச் சுற்றிப் பூவும் கொடியுமாக வெட்டியிருந்தார்கள். விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். தன் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று பிடிபடவில்லை.

ஊருக்குப் புதிய வண்டிக்காரன் ஒருவன் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, படிக்கத் தெரியுமா? இதைக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டேன்."

"அதுக்கென்னம்மா," என்று அவன் குனிந்தான். "'ஆண்டவர் அருளால் இந்த வீட்டைக் கட்டியவர்கள் யோஸ்ட், அவர் மனைவி மக்தலேனா. வருஷம் ஆயிரத்து எண்ணூற்று ஒன்பது.'"

பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு மரியாதையாகக் கேட்டான்.

"நீங்கதானே மக்தலேனா அம்மா?"