கடையில நல்லா ஓடுச்சு

"பழைய சாமானப் போட்டு ஏமாத்திட்டியா பாய்?"

என் மாமனார் மாரியப்பன் இப்படிக் கேட்டதும் நிசார் அகமதுவுக்கு முகம் சுருங்கிப் போனது.

தருமபுரியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறவர். எங்களுக்காகப் புதிதாக ஒன்று சேர்த்துக் கட்டி, நேற்று சாயங்காலம் இண்டூர் பக்கத்தில் இருக்கிற எங்கள் தோட்டத்து வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். இன்று காலையில் வந்து மாட்டினார்.

சுவிட்சைப் போட்டால் உள்ளே காற்றாடி சுற்றும். நீல விளக்கு ஒன்று எரியும். மூச்சு விடுவதற்குள் பொட்டென்று அணைந்துவிடும். திரையில் ஒன்றுமே வராது.

"கடையில நல்லா ஓடுச்சுங்கய்யா. காவியாவே வந்து பாத்துச்சு."

"ஆமாப்பா, பாட்டுகூடப் போட்டுக் கேட்டேன்" என்றாள் என் நாத்தனார் காவியா, நகத்தைக் கடித்துக்கொண்டே.

அவளுக்கு ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனால் இன்று மத்தியானத்துக்குள் கம்ப்யூட்டர் வழியாக வேலையில் சேர்ந்துவிட வேண்டும். இல்லையென்றால் பெங்களூர் ஆபீசுக்கு வா என்று சொல்லிவிட்டார்கள். பெங்களூருக்கு மாமனார் அனுப்பவே மாட்டார். அப்புறம் ஏது வேலை?

நிசார் பெட்டியைத் திறந்தார். சீப்பு மாதிரி ஒரு பட்டையை உருவி, அதன் பல்லை ரப்பரால் தேய்த்து, ஊதி, திரும்பச் சொருகினார். கீழே வைத்த ரப்பரை என் மகள் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். பிடுங்கினால் ஒரே அழுகை.

சுவிட்சை அமுக்கினார். பொட்டு. அணைந்துவிட்டது.

"போச்சு. அவ்ளோ காசு குடுத்து ஒரு காத்தாடி வாங்கியிருக்கோம்" என்றார் மாமனார்.

நிசார் மேலே பார்த்தார். எங்கள் வீட்டு ஃபேன் றெக்கையை எண்ணிவிடலாம் போலச் சுற்றிக்கொண்டிருந்தது.

"இது எப்பவும் இப்படித்தான் சுத்துமா?"

காலையிலிருந்துதான் என்று சொல்ல நினைத்தேன். மாமனார் எதிரில் வாய் வரவில்லை. நல்லவேளை, காவியா சொல்லிவிட்டாள்.

நிசார் மீட்டரை எடுத்து பிளக்கில் குத்திப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்குங்கய்யா. கரண்டுதான் பத்தல. பாதிக்குக் கொஞ்சம் மேலதான் வருது. பக்கத்துல யாராவது மோட்டர் ஓட்டறாங்களா?"

மாமனாருக்கு அது போதும்.

"மாதையன்! வேற எவன் பண்ணுவான்?"

எங்கள் பக்கம் தோட்டத்துக்கு மூணு பேஸ் கரண்டு கொஞ்ச நேரம்தான் விடுவார்கள். மற்ற நேரத்தில் ரெண்டு பேஸிலேயே திருட்டுத்தனமாக மோட்டர் ஓட்டுகிறவர்கள் உண்டு. அப்போது சுற்றியிருக்கிற வீட்டுக்கெல்லாம் கரண்டு செத்துப் போகும். போர் மோட்டர் பூமிக்குள் ஓடுவதால் சத்தமும் கேட்காது.

மாதையன் பக்கத்துத் தோட்டக்காரர். எங்கள் போருக்குப் பக்கத்தில் அவரும் போர் போட்டதிலிருந்து மாமனார் அவரோடு பேசுவதில்லை. இன்றைக்குப் பேசினார். வேலி ஓரத்தில் நின்று, ஊருக்கே கேட்கிற மாதிரி.

"ஏய் மாதையா! திருட்டு மோட்டர் ஓட்டறியே, வெக்கமா இல்ல? எம்புள்ள பொழப்புல மண்ணப் போடறியே!"

மாதையன் தொட்டியிலிருந்து குடத்தில் தண்ணீர் மொண்டு தக்காளி நாற்றுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னவோ சொல்ல வந்தார். மாமனாருக்குப் பின்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற காவியாவைப் பார்த்தார்.

"சரிங்கண்ணா. போய் நிறுத்திடறேன்."

குடத்தை வைத்துவிட்டு டிரான்ஸ்பார்மர் பக்கம் நடந்தார். ரெண்டு தோட்டத்து மோட்டர் பெட்டியும் அங்கேதான் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

நாங்கள் வீட்டுக்குள் வந்த கொஞ்ச நேரத்தில் ஃபேன் விர்ரென்று வேகமெடுத்தது. காலண்டர் படபடவென்று அடித்தது. நிசார் சுவிட்சை அமுக்கினார். அணையவில்லை. திரையில் எழுத்து ஓடியது. காவியா என் மகளைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"பாத்தீங்களா? நாலு சத்தம் போட்டாத்தான் வழிக்கு வர்றானுங்க" என்றார் மாமனார். "பாய், நீ சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

"சாப்பாடு கெடக்கட்டுங்கய்யா. அந்தப் பழைய சாமான மட்டும் வாபஸ் வாங்கிக்குங்க."

மாமனாரே சிரித்துவிட்டார்.

மத்தியானம் காவியா வேலையில் சேர்ந்துவிட்டாள். நான் கேசரி கிண்டிவிட்டு, இலை அறுக்க எங்கள் வாழைத் தோட்டத்துக்குப் போனேன்.

வாய்க்காலில் பாதி தூரத்துக்குத் தண்ணீர் ஓடி நின்றிருந்தது. ஈரம்கூடக் காயவில்லை.

அப்படியானால் காலையில் ஓடியது எங்கள் மோட்டரா? டிரான்ஸ்பார்மர் பக்கம் ஓடினேன். எந்தக் கரண்டு வந்தாலும் மோட்டர் தானாக ஓடட்டும் என்று எங்கள் பெட்டியில் மாமனார் போட்டு வைத்துவிட்டு மறந்துபோன ஆட்டோ சுவிட்சை யாரோ கீழே தள்ளி நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் மாதையன் பெட்டி. அதில் ஃபியூஸ் கட்டை ஒன்றுகூட இல்லை.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. இடுப்பில் குடத்தோடு மாதையன். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மாமன்கிட்ட சொல்லாதம்மா, சங்கடப்படுவாரு. நேத்து பாய் கம்ப்யூட்டரோட வந்து உங்க வூட்டுக்கு வழி கேட்டப்பவே, கரண்டு கொறையக் கூடாதுன்னு எங்க கட்டையப் புடுங்கி வெச்சுட்டேன். புள்ள வேலையில சேந்துடுச்சா?"