மொத்த விலைக்குத் துக்கம்

"ஒரு வாரத் துக்கம் வேணும். மொத்தமா என்ன விலை சொல்றே, தங்கச்சி?"

பாடகரின் மனைவி சோபாவில் சாய்ந்தபடி கிடார்க்காரரை மேலும் கீழும் பார்த்தார். ஜவுளிக்கடைக்காரர் மகள். சரக்கு என்னவென்று தெரியாமல் விலை சொல்லிப் பழக்கமில்லை.

"யாருக்கு, எதுக்குன்னு சொல்லுங்கண்ணே."

"உன் புருஷனுக்குத்தான். நாப்பது வருஷமா நாங்க ராக் பேண்டுன்னு மேடையில காட்டுக் கத்தல் கத்திட்டோம். இப்ப கம்பெனிக்காரன் பழைய ப்ளூஸ் பாட்டா பன்னண்டு பதிவு பண்ணித் தாங்கன்னு நிக்கறான். எல்லாமே வீட்டைப் பறிகொடுத்தவன், பொண்டாட்டி விட்டுட்டுப் போனவன் பாடின பாட்டு. உன் ஆளு அதைப் பிறந்தநாள் வாழ்த்து மாதிரி பாடறான்."

"அவர் என்னண்ணே பண்ணுவாரு? அவருக்கு ஒரு குறையும் இல்ல. சுகர்கூடக் கிடையாது."

"அதான் தங்கச்சி குறை! இந்த வாரத்துக்குள்ள சரியா வரலைன்னா ஒப்பந்தம் ரத்துன்னுட்டான். அப்புறம் ஹோட்டல்ல, சூப்புக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவுல வாசிக்க வேண்டியதுதான். நீ ஒரு கடுதாசி எழுதி வச்சுட்டு, ஒரே ஒரு வாரம் அவனை விட்டுட்டுப் போயிடு."

அந்த அம்மாள் அதிர்ச்சி அடைவார் என்று கிடார்க்காரர் எதிர்பார்த்தார். அவரோ விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"பத்து நாள் கப்பல் சுற்றுலா. பால்கனி வச்ச அறை."

"ஏழு நாள். ஜன்னல்."

"இருபத்தேழு வருஷக் குடித்தனத்தை விட்டுட்டுப் போறவளுக்கு வெறும் ஜன்னலா?"

"ஜன்னல் வழியாப் பார்த்தாலும் அதே கடல்தான்."

"சரி, ஜன்னல். ஆனா ரெண்டு பேருக்கு. தனியாப் போனா போரடிக்கும். பணத்தைக் கையில குடுங்க, டிக்கெட்டை நானே எடுத்துக்கறேன்."

"கூட யாரு வர்றா?"

"அது உங்களுக்கு எதுக்கு? நீங்க துக்கத்துக்கு ஆர்டர் குடுத்திருக்கீங்க. பேக்கிங் என் பொறுப்பு."

கிடார்க்காரர் தன் பழைய ஆம்ப்ளிபயரை விற்றுப் பணத்தை அவர் கையில் கொடுத்தார். தன் மனைவியிடம் மூச்சு விடவில்லை.

புதன்கிழமை காலை பாடகர் ஸ்டூடியோவுக்கு வந்தபோது சட்டைப் பொத்தான்களைத் துளை மாற்றிப் போட்டிருந்தார். நேராக மைக் முன்னால் போய் நின்று கண்ணை மூடினார்.

முதல் வரி முடிவதற்குள் டிரம்மர் ஒரு கையால் தட்டிக்கொண்டே மறு கையால் மூக்கைச் சிந்தினார். இத்தனைக்கும் டிரம்மர் கல்யாணமே ஆகாதவர். அழுவதற்கு அவரிடம் சொந்தமாக ஒன்றும் கிடையாது.

பன்னிரண்டு பாட்டும் இரண்டே நாளில் முடிந்தன. எதையும் இரண்டாம் தடவை எடுக்கவில்லை.

ஒலிப்பதிவாளர் கண்ணாடி அறையிலிருந்து ஓடி வந்தார். "அவர் பாடினதை விடுங்க சார், நீங்க வாசிச்சீங்களே! போன வாரம் வரைக்கும் டைப் அடிச்ச மாதிரி இருந்துச்சு. இப்ப கிடார் ஏங்கி ஏங்கி அழுதுச்சு சார்!"

"கூடப் பாடறவன் அழுதா கிடாரும் அழும் தம்பி" என்று கிடார்க்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெளியே நடையில் பாடகர் டிரம்ஸ் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு கடிதம்.

"டேய், என்னை விட்டுட்டுப் போயிட்டாடா. என்ன எழுதியிருக்கா பாரு. 'உங்க சத்தத்தை இத்தனை வருஷம் கேட்டாச்சு. இனிமே கொஞ்சம் கடல் சத்தம் கேக்கறேன். தேடாதீங்க. பிரிட்ஜ்ல ரெண்டு நாளைக்குச் சாப்பாடு இருக்கு.'"

சிங்கம் மாதிரி மேடையில் உலாவிய மனிதர் நண்பரின் தோளில் விழுந்து குலுங்கினார்.

கிடார்க்காரரின் முகம் வெளுத்துவிட்டது.

"இன்னொரு தடவை படி."

பாடகர் படித்தார். கிடார்க்காரர் மெல்லத் தன் சட்டைப் பையிலிருந்து, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துப் பக்கத்தில் பிடித்தார். வேறு கையெழுத்து. சாப்பாட்டுக் கணக்கைத் தவிர வார்த்தைக்கு வார்த்தை அதே கடிதம்.

"எனக்கு மூணு நாளைக்கு வச்சிருக்கா" என்றார். "நேத்துக் காலையில போயிட்டா. வெளிய சொல்ல அசிங்கமா இருந்துச்சு. டேய், என்னை மன்னிச்சுடு. உன் பொண்டாட்டிய அனுப்பினது நான்தான். நீ சோகமாப் பாடணும்னு பணம் குடுத்து அனுப்பினேன். ஏழு நாள் கப்பல், ஜன்னல் அறை, ரெண்டு பேருக்கு. ஆனா என் வீட்டுக்காரி எதுக்குடா போகணும்?"

பாடகரின் அழுகை நின்றது. மூக்கைத் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"டைப் அடிக்கறவன்கூட எவ்வளவு நாள்தான்டா பாடறது? போன வாரம் நானும் உன் வீட்டுக்குப் போய் உன் பொண்டாட்டிகிட்ட இதையேதான் கேட்டேன். ஏழு நாள் கப்பல், ரெண்டு பேருக்குன்னா. எனக்கு உன்னளவுக்குப் பேரம் பேசத் தெரியாது. பால்கனியே குடுத்துட்டேன்."

டிரம்ஸ் பெட்டியை எடுக்க வந்து, பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்ட டிரம்மர்தான் விரல்விட்டுக் கணக்கை முடித்தார்:

"ஜன்னல்ல ஏழு, பால்கனியில ஏழு, ஆக மொத்தம் அவங்க ரெண்டு பேரும் சேர்ந்து கடல்ல இருக்கப்போறது பதினாலு நாள். பிரிட்ஜ்ல உள்ளது ரெண்டும் மூணும் அஞ்சு. பாக்கி ஒம்பது நாளைக்கு என் வீட்டுப் பக்கம் வந்துடாதீங்கடா!"