கீழ்வீட்டுக்காரர்

வாடகைக்கு இருந்த வீடுகளிலெல்லாம் எங்களுக்கு மாடிதான் கிடைத்தது. பாட்டைக் கொஞ்சம் கூட்டினால் போதும், கீழ்வீட்டுக்காரர்கள் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பார்கள். அந்த இடி வேண்டாம் என்றுதான் ஒற்றைக் காலில் நின்று தரையோடு ஒரு தனி வீடு வாங்கினேன். பாட்டு கேட்கவென்றே ஓர் அறையும் ஒதுக்கினேன்.

இன்று பழைய சப்வூஃபர் ஸ்பீக்கரைத் தூக்கிவிட்டு, வாஷிங் மெஷின் அளவுக்குப் புதிதாக இரண்டு வைத்தோம். முதல் பாட்டிலேயே ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது தரைக்கு அடியிலிருந்து இடித்தார்கள். டொக், டொக், டொக்.

பொருத்த வந்த டெக்னீஷியன் பாட்டை நிறுத்தினார். "கீழ யாரு மேடம் இருக்காங்க?"

"கீழ மண்ணுதான் இருக்கு."

மறுபடி போட்டார். மறுபடி இடித்தார்கள். அவர் ஸ்க்ரூ டிரைவரைக்கூட எடுக்காமல் கிளம்பிவிட்டார்.

என் கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "கொஞ்சம் குறைச்சு வையேன்டி."

எனக்கு வந்ததே கோபம். "இத்தனை வருஷம் குறைச்சது போதும். இது என் வீடு." சத்தத்தை முழுக்கக் கூட்டினேன்.

இடிப்பது நின்றது. பாட்டு முழங்கிக்கொண்டிருக்கும்போதே, கீழே ஒரு கதவு திறக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. பிறகு யாரோ நிதானமாகப் படியேறி வந்தார்கள். கடைசிக் காலடி, அறை நடுவே கிடந்த விரிப்புக்கு நேர் கீழே வந்து நின்றது.

விரிப்பைச் சுருட்டி ஓரமாகத் தள்ளினேன். அந்த இடத்துக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, குதிகாலால் தரையை ஓங்கி இடித்தேன். டொக், டொக், டொக்.

"மேல வாங்க," என்றேன். "பேசிக்கலாம்."